பத்துக் கோடு

சனிக்கிழமை விடிந்தாலே நிவேதனாவுக்கு ஒரு வேலையும் ஓடாது. ஏழு மணிக்கு ரொறன்ரோவிலிருந்து பாலேஸ்வரி மாமி வீடியோவில் வந்துவிடுவார். ஆனியில் கல்யாணம். மாப்பிள்ளை கேதீஸ்வரன் வாய் திறக்காத பிறவி. அவனுக்கும் சேர்த்து அவனுடைய தாயான மாமியே கதைத்தார்.

போட்டோவைப் பார்த்த அன்றே மாமி சொல்லிவிட்டார்: "முகம் லட்சணம். உடம்புதான் கொஞ்சம் கூடிப்போச்சு." பிறகென்ன, மெலிகிற மருந்து ஆள் மூலம் மானிப்பாயில் அவளுடைய வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கட்டைவிரல் அளவுப் போத்தல், அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள்.

"ஒரு மில்லி ஊசித்தண்ணி விட்டுக் கரை பிள்ளை. பத்துக் கோட்டுக்கு இழுத்து, கிழமைக்கு ஒருக்கா, சனியிலை, வயித்திலை குத்து. என்ரை மகள் கஜந்தினியும் பத்துக் கோடுதான்."

முதல் ஊசியோடு மூன்று நாள் ஒரே வாந்தி, பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. படுத்த படுக்கையில் நிவேதனா கஜந்தினிக்குச் செய்தி அனுப்பி விசாரித்தாள். அவளுடைய போத்தலில் ஐந்து மில்லிகிராம் தூள், இரண்டு மில்லி தண்ணீர். இவளுடையதில் பத்து மில்லிகிராம், ஒரே மில்லி தண்ணீர். ஊசியில் நூறு கோடு சேர்ந்தால் ஒரு மில்லி. ஆக, அங்கே பத்துக் கோட்டில் கால் மில்லிகிராம், இங்கே முழுதாக ஒரு மில்லிகிராம். நாலு மடங்கு! ரியூசனில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவள் அவள். அளவை மட்டும் பார்க்காதேங்கோ, செறிவைப் பாருங்கோ என்று எத்தனை வருசம் தொண்டை கிழியக் கத்தியிருப்பாள்! அவளே ஏமாந்து போனாள்.

மாமியிடம் சொல்லிப் பார்த்தாள். "படிச்ச திமிரை எனக்குக் காட்டாதை. சத்தி வந்தால் மருந்து வேலை செய்யுது எண்டு அர்த்தம்." கேதீஸ்வரனிடம் சொன்னாள். "அம்மா சொல்லுறதைக் கேளுமன். ஏன் வீண் பிரச்சினை?" கடைசியாகத் தாய் இரத்தினம்மாவிடம் அழுதாள். "கல்யாணம் மட்டும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு பிள்ளை. முப்பத்திமூண்டு வயசிலை இதையும் விட்டால் வேறை ஆர் வரப்போறான்?" என்றார் தாய். நாலு பக்கமும் அடைத்துவிட்டார்கள், பாவம்.

அடுத்த ஊசிக்கு முன்னமே நிவேதனா கதவைச் சாத்திவிட்டுக் காரியத்தில் இறங்கினாள். போத்தலில் ஒரு மில்லியின் பத்தில் ஒரு பங்கை மட்டும் விட்டு, மிச்சத்தை உறிஞ்சி வெளியே கொட்டினாள். பிறகு இரண்டு மில்லி வரும்வரை தண்ணீர் விட்டாள். இனிப் பத்துக் கோட்டில் முந்தியதின் இருபதில் ஒரு பங்கு மருந்துதான். முழுவதையும் கொட்டிவிட்டு வெறும் தண்ணீரை விட்டிருக்கலாம். ஆனால் மருந்து போட்டனியோ என்று மாமி கேட்டால் பொய் சொல்லாமல் ஓம் என்று சொல்ல வேண்டுமே! அப்படியொரு பைத்தியக்கார மனச்சாட்சி அவளுக்கு.

சனிக்கிழமைகள் போயின. "ஊசியைக் கமராவுக்குக் கிட்டப் பிடி," என்பார் மாமி. பத்துக் கோடு சரியாக இருக்கும். வயிற்றில் குத்திக் காட்டுவாள். வயிற்றுப் பிரட்டல் இல்லை, சத்தி இல்லை. ஆனால் அந்த வீட்டுக்குப் போய் எப்படி வாழ்வது என்ற யோசனையில் சோறு தொண்டையால் இறங்கவில்லை. எட்டுக் கிழமையில் ஒன்பது கிலோ குறைந்துவிட்டது. சட்டை தைக்கிற வசந்தினி அளவு நாடாவை இரண்டு தரம் பிடித்துப் பார்த்தாள்.

ஒன்பதாவது சனிக்கிழமை மாமிக்கு வாயெல்லாம் பல். "பாத்தியோ, பாத்தியோ! நான் சொன்ன பத்துக் கோடு! இஞ்சை வா, உனக்கு ஒண்டு காட்டுறன்."

கமரா மாமியின் குசினிக்குள் போனது. பிரிட்ஜ் திறந்தது. மேல்தட்டு முழுக்க, வரிசை வரிசையாக அதே சின்னப் போத்தல்கள்.

"ஒரு வருசத்துக்குத் தாராளமாய்க் காணும். ஆடியிலை இஞ்சை வந்து இறங்கினாப் பிறகு நீ ஒண்டுக்கும் கஷ்டப்படத் தேவையில்லை. நானே கரைச்சு, நானே குத்திவிடுறன். என்ன பிள்ளை, சரிதானே?"

நிவேதனாவின் கையில் ஊசி இருந்தது. தண்ணீர் பத்தாவது கோட்டில் நின்றது.

"ஓம் மாமி," என்றாள்.