இரண்டாவது டேக்

அந்த விண்வெளித் தொடரில் பணமெல்லாம் போரில்தான் போகும். இரண்டு வாரம் தொடர்ந்து கிரகங்களை வெடிக்க வைத்துவிட்டு, தயாரிப்பாளர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்காருவார். அப்புறம் எழுத்தாளரைக் கூப்பிட்டு, "ஒரே ரூம், ஒண்ணோ ரெண்டோ ஆளு, புதுசா ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது" என்பார். பணப் பஞ்சத்தில் எடுப்பதால் யூனிட்டில் அதற்குப் பஞ்ச எபிசோடு என்று பெயர். எல்லாரும் மூக்கால் அழுதுகொண்டே எடுப்பார்கள்.

மேக்கப் அக்காவுக்கு மட்டும் அதுதான் உயிர். வெடி வெடிக்கும்போது யார் முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரு ஆள் நாலு சுவருக்குள் மாட்டிக்கொண்டு, பேசுவதைத் தவிர வேறு வழியில்லாமல் நின்றால்தான் அவன் யார் என்றே தெரியும் என்பது அவள் கட்சி. இதைச் சொன்னால் லைட்மேன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அட்டையில் செய்த கப்பல் பறப்பதை வாயைப் பிளந்து பார்ப்பவர்களுக்கு வேறென்ன தெரியும்?

இந்த முறை பஞ்ச எபிசோடு அவள் வீட்டுக்காரருக்கே விழுந்தது. தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து கப்பலின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பொத்தான் அமுக்கியவர் அவர். "எஞ்சின் தயார், கேப்டன்" என்பதற்கு மேல் வசனம் கிடையாது. யூனிட்டே அவரைப் பட்டன்காரர் என்றுதான் கூப்பிடும். கேப்டனாக நடிப்பவர் லீவில் போனதால், நடுவில் நிற்க ஆள் இல்லாமல் இவர் தலையில் வந்து விழுந்தது வாய்ப்பு. கப்பலின் சரக்கறையில் பட்டன்காரர் மாட்டிக்கொள்கிறார், கதவு திறக்காது, காற்று குறைந்துகொண்டே போகிறது. ரேடியோவில் மனைவியோடு பேசிக்கொண்டே சாகிறார். கதை அவ்வளவுதான். அக்காவுக்குக் கதை பிடித்துப்போனது, கூடவே அவர் பேச வேண்டிய பக்கங்களை எண்ணிப் பார்த்தாள்.

ஏனென்றால் அவருக்கு ஞாபகம் கழன்றுகொண்டிருந்தது. டாக்டருக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். மாடிப்படியில் பாதி வழியில் நின்று, ஏறிக்கொண்டிருந்தோமா இறங்கிக்கொண்டிருந்தோமா என்று யோசிப்பார். சொந்தத் தம்பி பெயர் போய்விட்டது. அவளை மட்டும் இன்னும் விடவில்லை. அதுவும் ஒருநாள் போகும் என்று டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லியிருந்தார். போவதற்கு முன் ஒரு தடவையாவது இந்த மனுஷன் நடுவில் நிற்க வேண்டும், அதை நாலு பேர் பார்க்க வேண்டும். அவள் அதற்குப் பிடிவாதமாகவே ஆசைப்பட்டாள். விஷயம் வெளியே தெரிந்தால் வேறொருவரைப் போட்டுவிடுவார்கள்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். மனைவியின் குரலைப் பிறகு டப்பிங்கில்தான் சேர்ப்பார்கள். படப்பிடிப்பில் யாராவது உதவி இயக்குநர் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த வசனத்தைக் கடமைக்குப் படிப்பான்.

"நானே படிக்கிறேன் தம்பி. எங்க வீட்டுக்காரர்தானே, அவருக்குக் கொஞ்சம் பிடி கிடைக்கும்" என்றாள் டைரக்டரிடம்.

"படிங்கக்கா. உங்களுக்கு இல்லாத உரிமையா?" என்றார் அவர்.

வசனத்தை மறந்து அவர் நின்றால், மனைவி கேட்பது போலவே எடுத்துக் கொடுத்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

கணக்கு பாதி வரை பலித்தது. அட்டைச் சுவருக்குப் பின்னால், மைக் முன், சின்ன டிவியில் அவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முதல் வீட்டைப் பற்றிய வசனத்தில் தடுமாறினார். "மழைக்கு ஒழுகுமே, அந்த வீடா?" என்றாள். பிடித்துக்கொண்டார். மகளைப் பற்றிய இடத்தில் நின்றார். எடுத்துக் கொடுத்தாள், பிடித்துக்கொண்டார். பிறகு பேச்சு நின்றது.

"என்னங்க, கேக்குதா?"

அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். "யாரு பேசுறது?"

"நான்தாங்க."

"நான்தான்னா? எனக்குத் தெரியலையேம்மா." குரலில் மரியாதை இருந்தது. முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசும் மரியாதை. "இங்கேருந்து எப்ப வெளியே விடுவீங்க? எங்க வீட்டுக்காரி தேடுவா. பயந்த சுபாவம் அவ, வெளியே காட்டிக்க மாட்டா. யாராவது அவகிட்ட சொல்லிடுங்க, நான் இங்க இருக்கேன்னு."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டால் எல்லாம் முடிந்தது.

"சொல்றேங்க" என்றாள்.

"நல்லா இருப்பீங்க" என்றார் அவர்.

கட் சொன்னதும் செட்டே கைதட்டியது. சிரிக்கிற லைட்மேன்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டைரக்டர் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், காத்து குறைஞ்சா மூளை தடுமாறும்னு எங்களுக்கே தோணலையே! எங்கே சார் ஒளிச்சு வெச்சிருந்தீங்க இதை?" பட்டன்காரர் எல்லாரையும் பார்த்துப் பொதுவாகச் சிரித்தார். அக்கா சுவருக்குப் பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

ஒரு பாதுகாப்புக்கு இன்னொரு டேக் எடுக்கலாம் என்றார்கள். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

இந்த முறை அவர் எழுதியதை எழுதியபடியே சொன்னார், ஒரு எழுத்து பிசகாமல். எங்கிருந்து திரும்பி வந்தார் என்று தெரியவில்லை. "உன் குரல் கேட்டுக்கிட்டே இருந்தா போதும்" என்ற கடைசி வசனம் வரை வந்துவிட்டு, ஸ்கிரிப்டில் இல்லாத ஒன்றைக் கேட்டார்.

"என்னம்மா, குரல் ஒரு மாதிரியா இருக்கு? அழுதியா?"

"இல்லைங்க."

"எங்கிட்டயேவா?" என்றார் அவர்.

படப்பிடிப்பு முடிந்து சில நாட்களில் எடிட்டிங் அறையில் டைரக்டரைப் பிடித்தாள். எந்த டேக்கை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"இதென்ன கேள்விக்கா? முதல் டேக்தான். ரெண்டாவது நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா சாதாரணம். புருஷன் பெண்டாட்டி பேசிக்கிற மாதிரி இருந்துச்சு."

"ரெண்டாவதைப் போடுங்களேன் தம்பி."

"ஏன்க்கா?"

ஒரு வாக்கியம் சொன்னால் போதும். முதல் டேக்கில் அவர் நடிக்கவில்லை என்று சொன்னால் அந்த நல்ல பையன் கூசிப்போய் அதைத் தூக்கி எறிந்துவிடுவான். ஊரெல்லாம் பார்க்கப்போகிற அந்தப் பெரிய நடிகரும் கூடவே குப்பைக்குப் போவார். ஒரு நோயாளிதான் மிச்சம் இருப்பார். அவளுக்கு வேண்டியது இரண்டாவது டேக். அவருக்கு வேண்டியது எது?

"சும்மாத்தான் கேட்டேன்" என்றாள்.

"அப்ப ரெண்டாவதை அழிச்சிடலாமா சார், இடம் பத்தலை" என்றார் எடிட்டர். அவள் நின்றுகொண்டிருக்கும்போதே அழித்தார். எதிலும் அது இனி இல்லை.

எபிசோடு ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தது. போர் இல்லை, வெடி இல்லை, ஒரே ஒரு அறை. முடிவதற்குள்ளேயே ஃபோன் அடிக்க ஆரம்பித்தது, அவள் எடுக்கவில்லை. அதற்குள் அவர் ஞாபகம் அவளையும் அநேகமாக விட்டிருந்தது. சோபாவில் அவளுக்கு இடம் விட்டு, ஓரமாக, விருந்தாளி மாதிரி உட்கார்ந்து பார்த்தார். டிவியில் அந்த ஆள், வீட்டுக்காரி தேடுவாள் என்றான். யாரோ ஒரு டப்பிங் பெண், சொல்கிறேன் என்றாள்.

"நல்லா பண்றான்ல?" என்றார் அவர். பிறகு கவலையாக அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அவன் பெண்டாட்டிக்கு யாராவது சொன்னாங்களா?"

"சொல்லிட்டாங்க."

"என்ன சொன்னா?"

அவர் மரியாதையாகக் காத்திருந்தார்.