டிலக்ஸன் பூசிய மெழுகு

எங்களிடம் கார் இல்லை. காருக்கான உதிரிப்பாகம் மட்டும் ஒரு அலுமாரி நிறைய இருக்கிறது. இதைக் கேட்டுச் சிரிக்காத சனம் முல்லைத்தீவில் இல்லை. என் மனுசன் யாக்கோப்புக்கு அதைப்பற்றிக் கொஞ்சமும் கவலை கிடையாது.

முன்பு எங்களிடம் இருந்த கார் பழைய ஒஸ்ரின். இரண்டாயிரத்து ஒன்பதில், சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து போன வழியில் எரிந்துபோனது. உதிரிகளை வீட்டு முற்றத்தில் புதைத்துவிட்டுப் போயிருந்தோம். திரும்பி வந்து தோண்டினால் அத்தனையும் கிடந்தன. அன்று தொடங்கி மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் பாயை விரித்துக் குந்திவிடுவார். இரும்புக்கு எண்ணெய் பூசித் தாளில் சுற்றுவார். றப்பர் வளையங்களுக்கு எண்ணெய் ஆகாதாம், ஊதிப்போகுமாம். அதுகளுக்குப் பிள்ளைப் பவுடர்! உப்புக்காற்றுப் புகாமல் அலுமாரிக் கதவு இடுக்கில் துணி. என் சேலைகள் கொடியில் தொங்குகின்றன.

ஒரு பொட்டலத்தை மட்டும் அவர் தொடுவதில்லை. நான் விடுவதில்லை. அது எங்கள் மகன் டிலக்ஸன் கட்டியது. புதைக்கிற நேரம், சண்டைக்குள் கிறீஸ் கிடைக்காது. பதினேழு வயதுப் பிள்ளை, கோயில் மெழுகுதிரிக் கட்டைகளைப் பொறுக்கி, பழைய எஞ்சின் ஒயிலோடு உருக்கி, எஞ்சினுக்குத் தண்ணீர் ஓட்டுகிற வோட்டர் பம்மில் கையாலேயே தடிப்பாகப் பூசினான். உரப்பையில் சுற்றி, வலைநூலால் இறுக்கி முடிந்தான். அவன் எங்களோடு திரும்பி வரவில்லை. எங்கே என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. அவன் கைபட்டது என்று அந்தப் பொட்டலம் ஒன்றுதான் என்னிடம் மிச்சம்.

போன கிழமை தண்ணீரூற்றிலிருந்து ஸுஹைப் என்றொருவர் வந்தார். தன் வாப்பாவின் ஒஸ்ரினைத் திருத்துகிறாராம். எல்லாம் கிடைத்துவிட்டது, வோட்டர் பம் மட்டும் எங்கு தேடியும் இல்லையாம்.

“வாப்பா படுக்கையில கிடக்கிறார் அக்கா. ஒருக்கா அந்தக் காரில ஏறிக் கடற்கரைக்குப் போகவேணுமெண்டு ஒரே கதை,” என்றார்.

என் மனுசன் என்னைப் பார்த்தார்.

“இல்லையெண்டு சொல்லுங்கோ,” என்றேன். குசினிக்குள் போய், கழுவிய சட்டியையே திரும்பவும் கழுவினேன்.

அவர் பின்னால் வந்தார். “சுசிலா, இவ்வளவு நாளும் நான் சொல்லேல்ல. பழைய ஒயில் இரும்பைத் தின்னும். மெழுகு காய்ஞ்சு வெடிச்சா, அந்த வெடிப்புக்குள்ள ஈரம் நிக்கும். நீர் பொத்திப் பொத்தி வைக்க, அது உள்ளுக்க உக்கிக்கொண்டு கிடக்கும்.”

“விசர் மனுசா! தெரிஞ்சுகொண்டே ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?”

“அதை அவிழ் எண்டு உம்மிட்ட எப்பிடியப்பா கேப்பன்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருசம் மாதாமாதம் அந்தப் பொட்டலத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதுகளைத் துடைத்த மனுசன். அவருக்கும்தானே அவன் பிள்ளை.

“சரி, அவிழ்ப்பம்,” என்றேன். கத்தி கொண்டுவந்தார். வெட்ட விடவில்லை. நானே இருந்து அவிழ்த்தேன். ஒவ்வொரு முடிச்சும் நகத்தைப் பிடுங்கியது. நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை ஸுஹைப் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கடைசி முடிச்சும் கழன்றது.

உரப்பையை விலக்கினோம். ஓரத்தில் துரு தொடங்கியிருந்தது.

“தப்பிட்டுது. இன்னும் ரெண்டு மழைக்காலம் விட்டிருந்தால் முடிஞ்சிருக்கும்,” என்றார் யாக்கோப்பு. பிறகு பம்மை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கறுத்த மெழுகு முழுக்க விரல் அடையாளம். தடவியது, அழுத்தியது, பிடித்துத் திருப்பியது எல்லாம் அப்படியே பதிந்திருந்தன.

கத்தியைச் சூடாக்கி, பெருவிரல் பதிந்த இடத்தை உடையாமல் கிளப்பி என் கையில் தந்தார். மிச்சத்தைச் சுரண்டி, மண்ணெண்ணெயால் பம்மைக் கழுவித் துடைத்தார்.

“கொண்டு போங்கோ தம்பி. வாப்பாவைக் கெதியாய்க் கூட்டிக்கொண்டு போங்கோ,” என்றேன்.

அவர் போன பிறகு, என் பெருவிரலை மெல்ல அந்தக் குழியில் வைத்துப் பார்த்தேன். சுற்றிவர இடம் மிச்சமிருந்தது. ஐயோ, என் பிள்ளையின் கை என் கையைவிடப் பெரிதாக வளர்ந்திருந்ததா? அந்த ஓட்டத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.