மோட்டார் போட்டது யார்

ராசிபுரம் வாசகர் வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மாதம் ஒரு கதையை உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். எழுதியவர் எந்த ஊரோ அங்கேயே போய், அவர் குடும்பத்துப் பெரியவரைத் தலைவராக உட்கார வைத்து, கதையை உரக்கப் படிப்பார்கள். பிறகு வாசகர்கள் கேள்வி கேட்பார்கள். எழுதியவர் பதில் சொல்லியாக வேண்டும். மரியாதை செய்வதாகத்தான் நினைத்தார்கள்.

அப்படித்தான் எண்பத்து மூன்றில் சேந்தமங்கலத்துக்கு வந்து, ஒரு கொலைகாரனுக்கு மாலை போட்டார்கள்.

மாலை விழுந்தது சின்னண்ணன் கழுத்தில். கதை எழுதிய வசந்தாமணியின் கணவனுக்கு அண்ணன். அவர் மனைவி சௌந்திரம் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து செத்து நாலு வருஷம். கால் வழுக்கியது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அன்று மாட்டுக் கொட்டகையிலிருந்த வசந்தாமணி, கிணற்று மேட்டில் நடந்த சண்டையைக் கேட்டவள். சொல்ல வாய் வரவில்லை. பேரையும் ஊரையும் மாற்றிக் கதையாக எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினாள். அந்த வீட்டில் கதை படிக்கிறவர் யாருமில்லை என்ற தைரியம்.

வட்டத்தின் செயலாளர் கந்தவேல் வீடு தேடி வந்தபோது சின்னண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்மூட்டுப் புள்ளைக்குக் கூட்டமா! நடத்துங்க, காப்பிச் செலவு நம்முது."

வசந்தாமணி கந்தவேலிடம் தனியே கெஞ்சினாள். "வேற கதை படிங்களேனுங்க."

"நம்ம கையில இல்லீங்க அம்மிணி. ஓட்டு விழுந்துருச்சு."

இப்போது பள்ளிக்கூடத்து ஹாலில் கந்தவேல் படித்துக்கொண்டிருந்தார். மேடையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் சின்னண்ணன். பின்வரிசையில் கணவன் ராசப்பன் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தான். அவளுக்கிருந்த ஒரே பிடி அவன்தான். ஏதாவது ஆனால் அவனோடு அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

கதையில் கிணற்று மேட்டுச் சண்டை வந்தது. சின்னண்ணனின் விசிறி நின்றது.

"மோட்டார் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு அக்காவின் குரல் கேட்கவில்லை" என்று முடித்தார் கந்தவேல். எல்லோரும் கைதட்டினார்கள்.

வட்டத்தோடு வேனில் வந்திருந்த தறிக்கார வீட்டுச் சுப்பம்மாள் எழுந்தாள். "ஏனுங்க அம்மிணி, அந்நேரத்துல எதுக்கு மோட்டார் போட்டாங்க?"

வசந்தாமணி கந்தவேலைப் பார்த்தாள்.

"சொல்லு சாமி, இத்தன பேரு கேக்கறாங்கல்ல" என்றார் சின்னண்ணன், மாலையிலிருந்து ஒரு பூவைப் பிய்த்து நசுக்கியபடி.

"கத்தறது வெளிய கேக்கக் கூடாதுன்னுங்க."

சுப்பம்மாள் உட்காரவில்லை. "செரி. ஆனா பொண்டாட்டியப் புடிச்சுக்கிட்டு மேட்டுல நிக்கறவன், எட்ட இருக்கற மோட்டார் ரூமுக்கு எப்பிடிப் போவான்? போட்டது வேற ஆளுங்களே. யாரு அது?"

"போலீசுல சேந்திருக்கோணும் நீ" என்று யாரோ சொல்ல, ஹால் சிரித்தது.

வசந்தாமணி இதை யோசித்ததே இல்லை. காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதியிருந்தாள். தலையைத் தூக்கினாள். பின்வரிசையில் ஒருவர் நீட்டிய டம்ளர் நிரம்பிக் கையில் வழிந்தது. "போதுமுங்க, சுடுதுங்க!" என்று கத்தினார் அவர். ராசப்பன் ஊற்றுவதை நிறுத்தவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியலீங்க" என்றாள்.

நல்ல கற்பனை என்று சின்னண்ணன் தலைமையுரையில் பாராட்டினார். கூட்டம் கலைந்தது. வாசலில் ராசப்பன் அவள் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்துப் பதமாக மடித்தான்.

"போலாமா? தோட்டத்த ஒரு எட்டுப் பாத்துட்டு ஊட்டுக்குப் போலாங்கறாரு அண்ணன்."

வேனில் ஏறிக்கொண்டிருந்த சுப்பம்மாளின் முந்தானையை வசந்தாமணி எட்டிப் பிடித்தாள். "நானும் ராசிபுரம் வாரேனுங்க."

"இப்பவேவா? ஊட்டுக்காரர உட்டுப்போட்டு?" சிரித்துக்கொண்டே திரும்பிய சுப்பம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். ராசப்பனைப் பார்த்தாள். காருக்கருகில் நின்ற சின்னண்ணனைப் பார்த்தாள்.

அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். "வண்டிய எடுங்க டிரைவரே" என்றாள்.