பேரிக்காய்க் கேக்கின் கடைசித் துண்டு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் வாய் ருசியில் பிறந்தது. பெரகல சந்தியில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. மாவு, சீனி, மாஜரின், கேக் தட்டு எல்லாம் விற்பேன். ஆள் வராத நேரத்தில் அங்கேயே உட்கார்ந்து கதை எழுதுவேன். ஒரு சனிக்கிழமை, மேல் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து சுபாஜினி வந்து மாஜரினும் கறுவாப்பட்டைத் தூளும் கேட்டாள்.

"எதுக்கு?"

"கோப்பி கேக் போடப் போறேன் நப்லா அக்கா. நடுவுல பேரிக்காய், மேல மொறுமொறுன்னு மாவு உதிரி."

"லயத்துல ஏது ஓவன்?"

"மணல் சட்டி இருக்கே."

எனக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. "நானும் வாறேன்" என்று என்னை நானே விருந்துக்கு அழைத்துக்கொண்டேன்.

(கோப்பி கேக்கில் கோப்பி கிடையாது. கோப்பியோடு சாப்பிடுவதால் அந்தப் பெயராம். தேயிலைக்கு நடுவில் குடியிருந்துகொண்டு இதைப் பற்றி நான் மேலே பேசப்போவதில்லை.)

2

எப்படித் தொடங்குவது?

"பதினொரு வருடங்களுக்குப் பிறகு கடல் கடந்து திரும்பிய ஒரு தாய்..." வேண்டாம். அடுத்த வரியிலேயே நீங்கள் கைக்குட்டையைத் தேடுவீர்கள்.

"மலைகளின் மீது பனி மெல்ல..." இதுவும் வேண்டாம். பனி இங்கே தினமும்தான் இறங்குகிறது. அதற்காக யாரும் கதை எழுதுவதில்லை.

நேராகவே சொல்கிறேன். மகள் துஷாந்தினிக்கு ஏழு வயதானபோது சுபாஜினி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். பிள்ளையை வளர்த்தது லயத்தில் அடுத்த அறையில், பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அத்தை. குவைத் வீட்டில் சுபாஜினி வெள்ளிக்கிழமை தவறாமல் இந்தக் கேக்கைப் போடுவாள். போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்புவாள். ஒன்பது வயதில் மகள் குரல் செய்தி அனுப்பினாள்: "அம்மா, இது எனக்கு எப்ப?" "வந்ததும் செஞ்சு தாரேன் தங்கம்" என்று இவள் பதில் போட்டாள். அதற்குப் பிறகும் போட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன. கேள்வி மட்டும் வரவில்லை.

சுபாஜினி ஊர் வந்து இருபது நாளாயிற்று. பதினெட்டு வயது மகள் இன்னும் அவள் கையால் ஒரு வாய் சாப்பிடவில்லை. மூன்று வேளையும் அத்தை வீட்டில்தான். அம்மா என்று கூப்பிடுவதும் கிடையாது. "இந்தாங்க", "கேட்டீங்களா" என்று கடைக்காரி என்னிடம் பேசுவதுபோலவே பேசுகிறாள். திங்கள் காலை அவள் தாதிப் பயிற்சிக்குக் கொழும்பு போகிறாள். கேக் போடுவது ஞாயிற்றுக்கிழமை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். சந்தியில் கடை வைத்திருக்கிறேன்.

3

(இந்த இடத்தில் துஷாந்தினியின் மனதுக்குள் புகுந்து ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அவளுக்குக் கோபம், ஏக்கம், இரவில் தலையணை நனைவது எல்லாம் கொடுத்திருந்தேன். திரும்ப வாசித்தபோது வெட்கமாக இருந்தது. அவள் என்னிடம் மொத்தமாகப் பேசியது, "அரை றாத்தல் சீனி தாங்க" என்பதுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் மனதை நான் எப்படி அளப்பது? கிழித்துவிட்டேன். இனிமேல் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.)

4

பார்த்தது இது. ஞாயிறு காலை நான் போனபோது சுபாஜினி முட்டையும் சீனியும் மாவும் அடித்துத் தட்டில் ஊற்றிவிட்டு, பண்டாரவளைப் பேரிக்காயைச் சீவிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பெரிய சட்டி நிறைய மணல் சூடேறிக்கொண்டிருந்தது. அத்தை கொடுத்தனுப்பிய மிலாறுக் கட்டோடு துஷாந்தினி வந்தாள். மிலாறு என்பது கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கொம்பு. லயத்து அடுப்பெல்லாம் அதில்தான் எரிகிறது. கட்டைப் போட்டுவிட்டு அவள் போயிருக்கலாம். போகவில்லை. சட்டி மணலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கையக் கழுவிட்டு அந்த மாவையும் மாஜரினையும் விரல் நுனியால உதுத்து விடுறியா?" என்றாள் சுபாஜினி, நிமிராமலே.

மகள் உட்கார்ந்தாள். நான்கு தடவை ஒழுங்காக உதிர்த்திருப்பாள். பிறகு கை அதன் போக்கில் போய்விட்டது. தினமும் விடியுமுன் ரொட்டிக்கு மாவு பிசைகிற கை, மாவைக் கண்டால் வேறென்ன செய்யும்? மடித்து, அமுக்கி, உள்ளங்கையால் அழுத்தி, நாங்கள் கவனிப்பதற்குள் வழவழவென்று ஓர் உருண்டையாக்கிவிட்டாள்.

மூன்று பேரும் அதைப் பார்த்தோம். ரொட்டி தட்டலாம் போல இருந்தது. கேக்கின் மேல் தூவ முடியாது.

"தப்பாப் போச்சு. தூக்கிப் போட்டுருங்க" என்று மகள் எழுந்துவிட்டாள்.

சுபாஜினி உருண்டையைக் கையில் எடுத்தாள். "குவைத்துக்குப் போன மொத வாரம் நானும் இப்படித்தான் உருட்டி வச்சேன். மேடம் குப்பையில போட்டாங்க" என்றாள். "நான் போட மாட்டேன்."

அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, அடுத்து என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை. மகள் வாசல்வரை போய் நின்றாள். பிறகு அங்கிருந்தே கேட்டாள்.

"கெட்டியானா தேங்கா மாதிரி துருவலாம்ல?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெறும் மாவுருண்டை விஷயம்தான், தெரியும். ஆனாலும் அந்தக் காம்பராவில் ஒருவர் தோற்ற இடத்தில் இன்னொருவர் வந்து கை கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

மகள் உருண்டையை மூடி போட்ட டிபன் டப்பாவில் வைத்து, பீலித் தண்ணீருக்கு அடியில் பிடித்தாள். மலையிலிருந்து பீலி வழியாகக் கொட்டுகிற அந்தத் தண்ணீருக்கு முன்னால் குளிர்சாதனப் பெட்டியெல்லாம் சும்மா. அரை மணி நேரத்தில் உருண்டை இறுகிவிட்டது. பலகைத் துருவியில் அவள் துருவத் துருவ, தாய் தட்டை நகர்த்தி நகர்த்திப் பிடித்தாள். பேரிக்காய்த் துண்டுகளின் மேல் மாவு தேங்காய்ப்பூவாக விழுந்தது.

5

தட்டை மணல்மேல் இறக்கி, மூடி போட்டு, மூடிமேல் மிலாறுத் தணலைப் பரப்பினாள் சுபாஜினி. கீழே நெருப்பு, மேலே நெருப்பு, நடுவில் கேக். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்.

முதலில் கறுவா வாசம் வந்தது. பிறகு பேரிக்காய். பிறகு எனக்குப் பெயர் தெரியாத ஒரு வாசம். பன்னிரண்டு காம்பராக் கதவும் ஒவ்வொன்றாகத் திறந்தன. "என்னாடி வாசம் இது?" என்று கேட்டுக்கொண்டே சனம் வந்து முற்றத்தில் நின்றது. தணலைத் தள்ளிவிட்டு அவள் மூடியைத் தூக்கினாள்.

சுப்ஹானல்லாஹ் என்று என் வாய் தானாகச் சொன்னது. மணலுக்கு நடுவில், பொன்னிறமாக, மேலே உதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பூத்து நின்றது. முப்பது வருடமாக மாவு விற்கிறேன். மாவுக்கு இப்படியொரு முகம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. துஷாந்தினி வாயைத் திறந்தபடியே நின்றாள்.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: துஷாந்தினி ஒரு வாய் தின்று, "நல்லாருக்கும்மா" என்கிறாள். (அவள் சொல்லவில்லை. நான் சொல்லவைத்தேன். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: தட்டைத் தொடாமல் அத்தை வீட்டுக்குப் போய்விடுகிறாள். (துருவிய கையை மறந்துவிட்டு எழுதியது. இதையும் அடித்துவிட்டேன்.)

மூன்றாவது: கொழும்பு பஸ்ஸில் பொட்டலத்தைப் பிரித்து... (போதும் நப்லா.)

7

நடந்தது இவ்வளவுதான். காம்பராவுக்கு ஒரு துண்டாக எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. பால் விடாத பிளேன்டியோடு நான் இரண்டு தின்றேன். உதிரி நிறைய இருந்த கடைசித் துண்டைச் சுபாஜினி ஒரு தட்டில் வைத்து மகளுக்கு முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி, எரியாத நெருப்பை ஊதத் தொடங்கினாள்.

நான் கண் கொட்டாமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதைக்காரிக்கு இதைவிட வேறென்ன வேலை?

"நப்லா அக்கா" என்றாள் சுபாஜினி, திரும்பாமல். "நீங்களும் இந்தப் பக்கம் திரும்புங்க. பாத்துக்கிட்டே இருந்தா அவளுக்குக் கூச்சமா இருக்கும். சாப்பிட்டாலும் சரி, சாப்பிடாட்டியும் சரி, அது அவ இஷ்டம்."

இருபது நாள் காத்திருந்தவள் சொல்கிறாள். நான் எப்படி மறுப்பேன்? திரும்பிவிட்டேன். அவள் ஊத ஊத அடுப்பிலிருந்து சாம்பல் மட்டும் பறந்தது.

அதனால் எனக்கு முடிவு தெரியாது. அந்தக் காம்பராவில் மகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது இப்போது நீங்கள் மட்டும்தான். என்ன கண்டாலும் சத்தம் போட்டுச் சொல்லிவிடாதீர்கள். சுபாஜினி இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறாள். அவளாகவே திரும்பிப் பார்க்கட்டும்.