தற்காலிகமாக ஒரு சாண் உயரத்தில்

இளநிலை உதவியாளராக இருந்த ஹெலனுக்கு உதவியாளராகப் பதவி உயர்வு கிடைத்த அன்று காலை, அவருடைய பாதங்கள் தரையை விட்டு ஒரு சாண் மேலே எழும்பின. ஆணையில் ‘தற்காலிகம்’ என்று இருந்ததால், பணி வரன்முறை ஆகி நிரந்தரமானதும் கால் இறங்கிவிடும் என்றார்கள் ஆம்பூர்ப் பக்கத்து அந்த வருவாய் அலுவலகத்தில். ஷூ கம்பெனியில் வேலை பார்த்த கணவர் தானியேலுக்கு, மனைவியின் செருப்பு தேயாமல் போனதில் சந்தோஷம்தான்.

சில மாதங்கள் கழித்துத் தேர்வெழுதி நேரடியாக அதே பதவிக்கு வந்தார் லுப்னா. அடுத்துக் காலியாக இருந்ததோ ஒரே ஒரு துணை வட்டாட்சியர் பதவி. முதலில் வந்தது நான்தான் என்றார் ஹெலன். தற்காலிகப் பணிக்காலம் பணிமூப்பில் சேராது என்று லுப்னா வழக்குப் போட்டார். அது ஆண்டுக்கணக்கில் நீண்டது. எதிரெதிர் மேசையில் உட்கார்ந்தும் இருவருக்கும் பேச்சில்லை. ஆனால் மின்விசிறிக் காற்றில் ஹெலன் ஜன்னல் பக்கம் நகரும்போதெல்லாம், லுப்னா எழுதுவதை நிறுத்தாமலே இடது கையால் அவருடைய முந்தானையைப் பிடித்துக்கொள்வார்.

பாலாறு கரைமீறிய ஆண்டு லுப்னாவின் தெருவில் இடுப்பளவு தண்ணீர். எலும்பு ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த அவருடைய அம்மா வஹீதாவை வெளியே கொண்டுவர வழியில்லை. படகு வரவில்லை. ஹெலன் வந்தார், தண்ணீருக்கும் ஒரு சாண் மேலே நடந்து. வஹீதாவை முதுகில் ஏற்றியதும் பாரம் தாங்காமல் கணுக்கால்வரை தண்ணீரில் இறங்கினார்.

“உனக்கு பேஜார் குடுக்கறேனேம்மா” என்றார் வஹீதா.

“இன்னா பேஜாரு? கழுத்த கெட்டியா புடிச்சுக்கோங்க.”

வெள்ள நிவாரண முகாமில் லுப்னா அழுதார். “கேஸ வாபஸ் வாங்கிடறேன்க்கா.”

“வாணாம். நீ படிச்சு எழுதின பரீட்ச. கோர்ட்டு சொல்லட்டும்” என்றார் ஹெலன்.

பணியில் லுப்னாவே மூத்தவர் என்று தீர்ப்பு வந்தது. ஹெலன் வீட்டில் கொஞ்சம் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டார். துணை வட்டாட்சியராகப் பொறுப்பேற்ற நாளில் லுப்னா நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

“உக்காருங்க மேடம்.”

“மேடம்னு சொன்னா உக்கார மாட்டேன்க்கா.”

“செரி, உக்காரு லுப்னா.”

பிறகு ஹெலனுக்கும் வரன்முறை ஆணை வந்தது. கால் மட்டும் இறங்கவில்லை. தானியேல் கவலைப்பட்டபோது, “கீழயே இருந்திருந்தா அந்தம்மாவ எப்படித் தூக்கியிருப்பேன்? கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்றார்.

இப்போது மனு கொடுக்க வருகிறவர்கள் ஹெலனிடம் வந்ததும் கையைக் கொஞ்சம் உயர்த்தி நீட்டுகிறார்கள்.