கரையாத நன்மை

எல்லாருக்கும் ஒரே வரிசையில் நன்மை கொடுங்கள் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது என்று தமிழ்வாணிக்குப் புதுநன்மை வாங்கிய ஒன்பது வயதிலேயே சொல்லிவைத்திருந்தார்கள். எம்.எஸ்ஸி. முடித்த இருபத்து மூன்றாவது வயதில், பேரையூருக்கு மேற்கே வேம்பூரணியில், பூசை முடிந்து அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்த பங்குச் சாமியாரிடம் அவள் அதைக் கேட்டாள். அப்போது மேலத்தெருக்காரர்கள் வாயில் நன்மை கரையாமல் நிற்க ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பத்தைத்தான் அந்த ஊரில் நன்மை என்பார்கள்; முதன்முதலாக வாங்குவது புதுநன்மை. கோயில் கட்டிய நாளிலிருந்தே மேலத்தெரு முதலில் வாங்கும். அவர்கள் எல்லாரும் போய் உட்கார்ந்த பிறகு கீழத்தெரு எழுந்திருக்கும். ஒரு தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமை மேலத்தெருவுக்கு வைத்தது கரையவில்லை. விழுங்கவும் முடியவில்லை. சனிக்கிழமை சாயங்கால மணி அடித்ததும் தானாகக் காணாமல் போனது. மறுநாள் வாங்கியதும் அப்படியே நின்றது. மாவு சரியில்லை என்று, அப்பம் சுட்டு அனுப்பும் மதுரை மடத்துச் சிஸ்டர்களுக்குக் கடிதம் போட்டார்கள். மாவு மாறியது, நன்மை மாறவில்லை. பல் டாக்டர் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வாயில் புண் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். கீழத்தெருவுக்கு எப்போதும்போல வைத்த உடனே கரைந்தது.

வேறு ஊராக இருந்தால் பயந்திருப்பார்கள். கோயில் கமிட்டித் தலைவர் சூசைமாணிக்கம் மூன்றே மாதத்தில் காரணம் கண்டுபிடித்தார்: ஆண்டவர் நம்ம வாயை விட்டுப் போக மனசில்லாமல் தங்குகிறார். அதற்குப் பிறகு அதை இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டு வலது பக்கம் கறிச்சோறு சாப்பிடப் பழகினார்கள். பேச்சு கொழகொழத்தது, அந்தக் கொழகொழப்பைக் கேட்டுத்தான் பெண் எடுத்தார்கள். கீழத்தெருப் பெண்கள் கன்னத்தில் புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போன காலமும் உண்டு.

தமிழ்வாணியின் அம்மா சவேரியம்மாள் புளியங்கொட்டை வைக்கவில்லை. நன்மை வாங்கியதும் நாக்கை மேலண்ணத்தில் படாமல் தூக்கிப் பிடித்து, மூச்சை அடக்கிப் பார்ப்பாள். பெஞ்சுக்கு வந்து முழங்கால் போடுவதற்குள் கரைந்துவிடும்.

“அவருக்கே என் வாய் பிடிக்கலடி” என்றாள் ஒருநாள், துணி அலசிக்கொண்டே.

“கரையணும்மா. திங்கத்தானே குடுத்தாரு? பொத்தி வச்சுக்கவா குடுத்தாரு?”

“படிச்சுப்புட்டா எல்லாம் தெரியுமாக்கும்.”

அந்தக் கோபத்தோடுதான் தமிழ்வாணி சாமியாரிடம் போனாள். “கமிட்டியில கேட்டுச் சொல்றேம்மா” என்றார் அவர். அடுத்த வாரம் சூசைமாணிக்கமே வீட்டு வாசலுக்கு வந்தார், உள்ளே வரவில்லை.

“நீ படிச்ச பிள்ளை. நீ மட்டும் எங்க வரிசைல வந்து நில்லு. தெருவையே கூட்டிக்கிட்டு வந்துராத.”

முகத்தில் அறைந்தாற்போல முடியாது என்று சொல்ல வாயெடுத்தவளின் கையை அம்மா பிடித்துக்கொண்டாள். “எனக்காகப் போ தமிழு. என் வகுத்துப் பிள்ளை வாயிலயாச்சும் அவரு நிக்கட்டும்.”

தமிழ்வாணி போனாள். ஞாயிற்றுக்கிழமை, மேலத்தெரு வரிசையில் கடைசி ஆளாக. சாமியார் “கிறிஸ்துவின் உடல்” என்றார். அவள் “ஆமென்” என்றாள். நாக்கில் வைத்தது கூழாங்கல் மாதிரி நின்றது. மேலத்தெருப் பெண்கள் நகர்ந்து அவளுக்குப் பெஞ்சில் இடம் விட்டார்கள். அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். உட்காராமல் நேரே கீழத்தெருப் பக்கம் வந்து அம்மாவின் தோளைத் தொட்டாள்.

“எந்திரிம்மா. எங்கூட முன்னாடி வா.”

சவேரியம்மாளுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அவ்வளவு சந்தோஷம். “பேசாதடி” என்று பதறினாள். “பேசுனா கரைஞ்சிரும். அப்பிடியே வச்சிரு.”

நன்மையில் பல் படக் கூடாது என்பது அந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். தமிழ்வாணி கடைவாய்க்குத் தள்ளிக் கடித்தாள். ஓடு உடைவதுபோல ஒரு சத்தம். பாட்டு நின்றது. அவள் நிதானமாக மென்று, வெறும் கோதுமை ருசியோடு விழுங்கினாள். அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேலத்தெரு கொஞ்ச நேரம் திரும்பிப் பார்த்தது. பிறகு அவரவர் நன்மையைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, விட்ட அடியிலிருந்து பாட்டைத் தொடர்ந்தது. கீழத்தெரு வழக்கம்போல எழுந்து வரிசைக்கு வந்தது. அந்த வரிசை நகர்ந்த திசைக்கு எதிராக, ஒவ்வொரு தோளாக விலக்கிக்கொண்டு, தமிழ்வாணி வாசலைப் பார்த்து நடந்தாள். இனி இங்கே நன்மைக்கு வாய் திறப்பதில்லை என்பது கடிக்கும்போதே முடிவாகியிருந்தது.