மூன்றாம் பாத்திக்கு எதுவும் இடவில்லை

"கனவு கண்டுக்கிட்டே போட்டிருப்பேனாம், அண்ணா. நாலாம் பாத்திக் கதிரையே ரெண்டு பையிலயும் போட்டுட்டு, ஒண்ணு மேல மட்டும் மூணுன்னு எழுதிட்டேனாம்."

"யார் சொன்னா?"

"வேற யாரு, தசமம்தான்."

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவிக்கு அந்தப் பெயரை வைத்தவளே என் தங்கைதான். வெளியே மழை பெய்கிறது என்று யாராவது சொன்னால்கூட, எத்தனை மில்லிமீட்டர், புள்ளிக்கு அப்புறம் எவ்வளவு என்று கேட்பவர் அவர்.

தங்கை கருவிக் கொட்டகையின் படியில் காலணிச் சேற்றை வழித்துவிட்டு உள்ளே வந்தாள். மதிய இடைவேளை. ஒரு கையில் சாப்பாட்டு டப்பா. அக்குளில் பச்சை அட்டை போட்ட என் குறிப்பேடு. காலையில் ஆள் அனுப்பி அதை வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் ஆறு கோதுமைப் பாத்திகள் இருக்கின்றன. பதினெட்டு வருடமாக நான்தான் அவற்றைப் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்குச் சாணி: ஒன்றாம் பாத்திக்குக் கொஞ்சம், நாலுக்கு நிறைய. மூன்றாவதற்கு மட்டும் எதுவுமே கிடையாது. விதைப்போம், களை எடுப்போம், அறுப்போம். அந்தத் துண்டு நிலம் பசியோடேயே கிடக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. குறிப்பேட்டில் ஒவ்வொரு வாரமும் எழுதுவேன்: "மூன்று: எதுவும் இடவில்லை."

"சாப்பிட்டியா?" என்றேன்.

"அதை விடு. மறுபடியும் ஓட்டிப் பார்த்தோம். அதே நைட்ரஜன் எண்தான். எப்பவும் ரெண்டுக்குப் பக்கத்துல நிக்கிற மூணாம் பாத்தி, இந்த வருஷம் அஞ்சு. அஞ்சு புள்ளி ஒண்ணு."

"மெஷின் கோளாறு எதாவது..."

"மெஷின் பாவம், அதைச் சொல்லாதே. குடுத்ததை எரிச்சுச் சொல்லுது, அவ்வளவுதான்."

அவள் வேலை எனக்குத் தெரியும். நான் கொடுக்கும் கதிரை உதிர்த்து, மாவாக அரைத்து, துவரம்பருப்பு அளவுள்ள வெள்ளீயக் கிண்ணத்தில் இடுக்கியால் எடுத்துவைத்து நிறுப்பாள். நிறுக்கும்போது மூச்சு விடமாட்டாள். பிறகு கிண்ணத்தை நசுக்கி உருண்டையாக்கி, குழிகள் உள்ள தட்டில் வரிசையாகப் போடுவாள். சின்ன வயதில் வீட்டில் பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்து டப்பாக்களில் போட்டு வைத்தவள். யாராவது ஒன்றை எடுத்துத் தப்பான டப்பாவில் போட்டால் அன்று முழுக்க வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது. அவளா பை மாற்றிப் போடுவாள்?

போட மாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆய்வுக்கூடத்தை எல்லோரும் வந்து பார்க்கும் நாள் ஒன்று வந்தது. கூட்டம் பாத்திகளைச் சுற்றி நடந்தது. நாலாம் பாத்தி இடுப்பளவு நின்றது. மூன்றாவது முழங்காலைக்கூடத் தொடாமல், வெளிறி, ஈர்க்குச்சி மாதிரி நின்றது. பெட்டிக்கடைக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் மனைவியிடம் சொன்னார்: "இதைப் பார்த்துக்கிறவன் சம்பளத்தை வாங்கிட்டுத் தூங்குறான் போல." அவர் மனைவி சிரித்தார். நான் இரண்டடி தள்ளி மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் பருவம் முடிந்து, எல்லோரும் சாப்பிடப் போன ஒரு மதியம், நாலாம் பாத்திக்குப் போன தள்ளுவண்டியை மூன்றில் நிறுத்தினேன். ஒரு வண்டிதான். நன்றாக மக்கிய பழைய சாணி. கொத்தி மூடிவிட்டேன். அடுத்த வருடம் இன்னும் இரண்டு வண்டி. பயிர் கொஞ்சம் நிமிர்ந்தது. "இந்த வருஷம் மழை நல்லா இருந்தது" என்று தலைவி சொன்னார். எத்தனை மில்லிமீட்டர் என்றும் சொன்னார்.

அது இரக்கத்தில் செய்தது, பசியோடு இருப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்று எனக்கு நானே பல முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். படுத்தபடி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு சொல்லும்போது அது உண்மை மாதிரியே இருக்கும். ஆனால் அந்தக் கடைக்காரர் அப்படிச் சொல்லாமல் போயிருந்தால் நான் அந்த வண்டியை நிறுத்தியிருக்க மாட்டேன்.

"மாப்பிள்ளை என்ன சொல்றார்?" என்றேன்.

"அவரா? 'சமையல்லயே உப்பையும் சர்க்கரையையும் மாத்திப் போடுறவதானே'ன்னார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துடுச்சு." டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். "தராசுல இருந்து எடுத்துட்டாங்க அண்ணா. நேத்துல இருந்து பாட்டில் கழுவுறேன். இந்த மாசம் வேலை நிரந்தரம் ஆக வேண்டியது. கோப்புல இப்படி ஒரு கடிதம் போச்சுன்னா ஆகாது."

"என்ன கடிதம்?"

"பையை மாத்தினது நான்தான்னு. எழுதிக் குடுத்துட்டேன்."

"நீ மாத்தலையே!"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்? நீ கூடவா இருந்தே? எனக்கே தெரியலை. அன்னிக்கு என்ன செஞ்சேன்னு நினைச்சு நினைச்சுப் பார்க்கிறேன். மூணாம் பை என் கையில இருந்தது ஞாபகம் இருக்கு. அதுக்குள்ள என்ன போட்டேங்கிறது இல்லை. வேற எப்படி அஞ்சு வரும்? மண்ணு மாறாது, மெஷின் பொய் சொல்லாது, நீ தப்பு பண்ண மாட்டே. மிச்சம் நான்தானே."

தகரக் கூரை மேல் ஏதோ பறவை நடந்து போனது. அதன் ஒவ்வொரு அடியும் கேட்டது.

போன வருடம் ஒரு நாள் அவள் என்னை உள்ளே கூட்டிப்போய்க் காட்டியது ஞாபகம் வந்தது. ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில், பஞ்சுக்கு மேல், கரிந்துபோன ஒரு கோதுமை மணி. ஐயாயிரம் வருடத்துக்கு முந்தியது. எரிந்துபோன ஒரு வீட்டின் தரையிலிருந்து எடுத்தது. "கிட்ட வந்து மூச்சு விடாதே, பறந்துடும்" என்றாள்.

"இதை விளைய வச்சவங்க சாணி போட்டிருக்காங்க அண்ணா."

"அது எப்படித் தெரியும்? எழுதியா வச்சிருக்காங்க?"

"எழுதித்தான் வச்சிருக்காங்க. நைட்ரஜன்ல லேசானது, கனமானதுன்னு ரெண்டு இருக்கு. சாணி மக்கும்போது நமக்கு ஒரு நாத்தம் வருதில்ல? அதுல லேசானது நிறையப் பறந்துடும். கனமானது மண்ணுல தங்கி, பயிருக்குள்ள போய், மணிக்குள்ள வந்துடும். தீ வச்சாக்கூட அநேகமா அழியாது. ஆனா இது கனமா இருக்குன்னு எதோட வச்சுச் சொல்றது? அதுக்குத்தான் உன் மூணாம் பாத்தி. எதுவும் போடாத மண்ணு எப்படி இருக்கும்னு அது சொன்னாத்தான், இவங்க போட்டாங்கன்னு நாங்க சொல்ல முடியும்."

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது அந்த ஆளை நினைத்துக்கொண்டே போனேன். பெண்ணோ ஆணோ, தலையில் கூடை, கழுத்து வலி, கை முழுக்க நாற்றம். எந்த மொழியில் அலுத்துக்கொண்டாரோ. பேரும் இல்லை, எலும்பும் கிடைக்கவில்லை. அவர் சுமந்தார் என்பது மட்டும் ஒரு மணிக்குள் இருந்தது. அதற்குச் சாட்சி சொல்ல என் பாத்தி ஒன்றுதான் இருந்தது. அப்போதே அந்தப் பாத்தியில் ஒரு வண்டி சாணி போயிருந்தது. அது தெரிந்தும், அடுத்த பருவத்தில் இன்னும் இரண்டு வண்டி தள்ளிக்கொண்டு போனேன். ஒரு வண்டியில் என்ன ஆகிவிடப் போகிறது என்று முதலில் நினைத்தேன். போட்டது போட்டாயிற்று என்று பிறகு.

"மண்ணைச் சோதிக்கலாமே" என்றேன். "மூணாம் பாத்தி மண்ணை. அதுல தெரிஞ்சுடும்ல?"

என்னால் முடிந்த தைரியம் அவ்வளவுதான். யாராவது தோண்டி என்னைக் கண்டுபிடித்துவிட்டால் நான் சொல்ல வேண்டியிருக்காது.

"நானும் அதைத்தான் சொன்னேன். தசமம் என்ன சொன்னாங்க தெரியுமா? 'உங்க அண்ணன் நோட்டுல பதினெட்டு வருஷமா ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அதுக்கு மேல எனக்கு என்ன சோதனை வேணும்?'" தலைவியின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். பிறகு சிரித்தாள். "கேட்கும்போது எனக்குப் பெருமையா இருந்தது, தெரியுமா? என் மேல பழி விழுந்துக்கிட்டு இருக்கு, நான் உன்னை நினைச்சுப் பெருமைப்படுறேன். லூசுதானே நான்?"

நான் மண்வெட்டியின் பிடியைத் துடைத்தேன். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

"அண்ணி ஃபோன் பண்ணினாங்க. நீ ரெண்டு நாளா சரியாச் சாப்பிடறதில்லையாம். எனக்காகக் கவலைப்படாதே. போற வேலை போகட்டும், வேற கிடைக்கும். உன் பாத்தியாவது சுத்தமா இருக்கே. அடுத்த வருஷம் வேற யாராவது எடை போட்டா, ரெண்டுன்னு சரியா வந்துடும்."

அடுத்த வருடமும் ஐந்துதான் வரும். அதற்கடுத்த வருடமும் இரண்டு வராது. அப்போது தராசின் முன்னால் மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்கும் இன்னொருவரிடம் யார் என்ன சொல்வார்கள்?

அவள் குறிப்பேட்டைப் பலகை மேல் வைத்து, காகிதம் செருகியிருந்த பக்கத்தைத் திறந்தாள். என் கையெழுத்தில் வரிசையாக, வாரம் வாரமாக, ஒரே வாக்கியம். நிமிர்ந்த எழுத்துகள், ஒரே அளவு இடைவெளி. பொய் எழுதிய வாரங்களை என்னாலேயே பிரித்துப் பார்க்க முடியவில்லை. பக்கத்தின் அடியில் தட்டச்சு செய்து ஒட்டிய புதிய வரி: மேலே உள்ள பதிவுகள் அனைத்தும் சரி என்று உறுதி செய்கிறேன். அதன் கீழே இரண்டு கோடுகள். ஒன்றில், சாட்சியாக, தங்கையின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

"உன்னுதும் போட்டாத்தான் விசாரணை முடிஞ்சதுன்னு கோப்பை மூடுவாங்களாம்."

பேனாவின் மூடியைக் கழற்றி, என் பக்கம் பிடி இருக்கும்படி திருப்பி நீட்டினாள். கழுவும் திரவத்தில் ஊறி அவள் விரல் நுனிகள் சுருங்கியிருந்தன.

"போடு அண்ணா. ஒரு கையெழுத்துதானே. ரெண்டு மணிக்குள்ள கொண்டுபோய்க் குடுக்கணும்."